மீத்திறன் மாணவருக்கு ஜப்பானிய மொழி: செட்டிநாட்டு ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் மீத்திறன் பிள்ளைகளுக்கு அயல்மொழி ஒன்றைச் சொல்லித்தர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். எடுத்துக்கொண்ட மொழி ஜப்பானியம். பிரெஞ்சும் ஜெர்மனும் நல்ல மொழிகள்தான். ஆனால் ஒரு தமிழ்ப் பிள்ளை தன் தாய்மொழியில் ஏற்கெனவே வைத்திருக்கும் இலக்கண அறிவு முழுவதற்கும் வேலை கொடுக்கும் மொழி ஜப்பானியம். ‘ஏன் இப்படி?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு அதைவிடத் தீனி வேறு வேண்டாம்.

ஆங்கிலம் பேசுவோர் ஜப்பானியத்தில் தேர்ச்சி பெறச் சுமார் 2200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. பிரெஞ்சுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். இந்தக் கணக்கைப் பார்த்துத் தமிழர்கள் மிரள வேண்டியதில்லை. எழுத்துக்கு ஆகும் உழைப்பு யாருக்கும் குறையாது. சொல்வரிசை, வேற்றுமை, எச்சம் ஆகியவற்றுக்கு ஆகும் உழைப்பு நமக்குப் பெருமளவு குறையும். நம் ஊர் வகுப்புகளில் அந்த லாபத்தைத்தான் கைவிடுகிறோம். ஆங்கிலத்தில் எழுதிய பாடநூலை வைத்து, ஆங்கில வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். தமிழிலிருந்து நேராகப் போனால் எதையும் புரட்ட வேண்டியதில்லை.

யாரைச் சேர்ப்பது

மதிப்பெண் பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். 1978-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி முன்வைத்த விளக்கப்படி மீத்திறன் என்பது மூன்று சேர்ந்தது: சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், படைப்புத்திறன், எடுத்த வேலையை விடாமல் பிடித்து முடிக்கும் பற்று. முதல் வரிசையில் உட்கார்ந்து நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளையிடம் இந்த மூன்றும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சிலேடை பேசுகிற பிள்ளை, அடுத்தவர் பேச்சை அப்படியே நடித்துக் காட்டுகிற பிள்ளை, ரகசியக் குறியீட்டு எழுத்து ஒன்றைத் தானே உருவாக்கி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் பிள்ளை, இவர்களைத் தேடுங்கள். கையெழுத்து மோசமாக இருப்பதோ எழுத்துப் பிழை மிகுவதோ தடையில்லை. வாசிப்புக் குறைபாடு உள்ள மீத்திறன் பிள்ளைகளும் உண்டு.

தேர்வுக்கு ஒரு தாள் போதும். இதை எழுதிக் கொடுத்து, அரை மணி நேரம் விடுங்கள்:

இனு க நெகொ ஒ மிரு – நாய் பூனையைப் பார்க்கும்
நெகொ க இனு ஒ மிரு – பூனை நாயைப் பார்க்கும்
கொதொமொ க பன் ஒ தபெரு – குழந்தை ரொட்டியைத் தின்னும்
இனு க மித – நாய் பார்த்தது
கொதொமொ க மித இனு – குழந்தை பார்த்த நாய்
இனு க தபெத பன் – நாய் தின்ற ரொட்டி

கேள்வி இரண்டு. ஒன்று, ‘பூனை தின்ற ரொட்டியைக் குழந்தை பார்த்தது’ என்பதை இந்த மொழியில் சொல்க. விடை: நெகொ க தபெத பன் ஒ கொதொமொ க மித. இரண்டு, ‘குழந்தை பார்க்கும் பூனை’ என்பதைச் சொல்க. விடை: கொதொமொ க மிரு நெகொ.

சரியான விடை பாதி மதிப்பெண்தான். மீதி, அந்த விடைக்கு எப்படி வந்தார்கள் என்பதைத் தமிழில் விளக்கச் சொல்லும்போது கிடைப்பது. ‘பார்த்தது, பார்த்த என்று தமிழில் முற்றும் எச்சமும் வேறு வேறு, இங்கே இரண்டுக்கும் மித ஒன்றுதான்’ என்று கண்டு சொன்னால் நல்ல அறிகுறி. ‘ஆனால் பார்க்கும் என்பது தமிழிலும் இரண்டுக்கும் ஒன்றாகத்தானே இருக்கிறது, நாய் பார்க்கும், பார்க்கும் நாய்’ என்று ஒரு பிள்ளை சேர்த்துச் சொன்னால், அந்தப் பிள்ளையை விடாதீர்கள். தவறான விடை எழுதிவிட்டு நல்ல காரணம் சொல்லும் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆள், நேரம், ஆசிரியர்

ஒரு குழுவில் நான்கு முதல் ஆறு பேர். அதற்குக் குறைந்தால் உரையாடல் பயிற்சிக்கு ஆள் மாறாது. கூடினால் ஒவ்வொருவரின் வேகத்தையும் கவனிக்க முடியாது. வாரத்துக்கு மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் 50 நிமிடம். வீட்டில் நாள்தோறும் 15 நிமிடம். வாரத்துக்கு ஒரே நாளில் இரண்டரை மணி நேரம் நடத்துவது நேரக் கணக்கில் சமம், நினைவில் சமமில்லை. ஜெர்மன் உளவியலாளர் எர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே காட்டியதுபோல், கற்றதில் பெரும் பகுதி முதல் சில நாள்களிலேயே மறந்துபோகிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் தொடுவதுதான் அதற்கு மருந்து.

நம் பகுதியில் ஜப்பானியம் முழுதாகத் தெரிந்த ஆசிரியர் கிடைப்பது அரிது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் நான்காம் நிலை, அதாவது என்4 முடித்தவர் ஒருவரும், தொல்காப்பியமும் நன்னூலும் படித்த தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்தால் இந்தப் பாடத்தைச் சிறப்பாக நடத்தலாம். தமிழாசிரியரை அழைப்பது மரியாதைக்காக அல்ல. வினையெச்சம், பெயரெச்சம், சுட்டு, புணர்ச்சி என்று அவர் சொல்லும்போது பிள்ளைகள் ஜப்பானியத்தில் அதற்கு இணையானதைத் தேடத் தொடங்குவார்கள். அந்தத் தேடலே பாடம்.

முதல் மூன்று வாரம்: ஒலியும் எழுத்தும்

இந்தக் கட்டுரையில் வசதிக்காக ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். வகுப்பில் முதல் வாரத்துக்குப் பிறகு அப்படி எழுத விடாதீர்கள். காரணம் இதுதான்: தமிழ் எழுத்து வல்லினத்தின் இரு ஒலிகளைப் பிரித்துக் காட்டாது. ‘பத்து’வில் வரும் தகரமும் ‘பந்து’வில் வரும் தகரமும் நமக்கு ஒரே எழுத்து. ஜப்பானியத்தில் ‘மதொ’ என்பதைப் பத்துவின் தகரத்தோடு சொன்னால் இலக்கு. பந்துவின் தகரத்தோடு சொன்னால் ஜன்னல். ‘தைகக்கு’ என்று தமிழில் எழுதி வைத்தால் அது பல்கலைக்கழகமா, படிப்பைப் பாதியில் விடுவதா என்றே தெரியாது. பிந்தியதைச் சொல்லும் சொல் தலைத் தகரத்தில் மட்டுமே வேறுபடுகிறது. போதாக்குறைக்கு, உயிர்களுக்கு நடுவில் தனித்து வரும் வல்லினத்தைக் குழைத்துச் சொல்லும் வழக்கம் நம் நாக்கில் ஊறியது. இலையுதிர்காலத்தைக் குறிக்கும் ‘அகி’யை நம் பிள்ளைகள் ‘அகம்’ என்பதில் வரும் ககரத்தோடு சொல்வார்கள். ஜப்பானியருக்கு அது வேறு சொல்லாகக் கேட்கும். முதல் மூன்று வாரத்தில் இதைத் திருத்தாவிட்டால் மூன்று ஆண்டுக்குப் பின்னும் திருந்தாது.

பயிற்சி: இத்தகைய இணைச் சொற்கள் பத்தைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஐந்து நிமிடம் ஒலிக்கவிட்டு, கேட்டது எது என்று விரல் காட்டச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்பது சரியாக வந்த பிறகே வாயால் சொல்லவைக்க வேண்டும். காதுக்குப் பிடிபடாததை வாய் சொல்லாது.

நமக்கு எளிதாக வருவனவும் உண்டு. குறில் நெடில் வேறுபாடு ஆங்கிலேயரைத் திணறவைக்கும். ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ பாட்டி என்பது நம் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பிடிபடும். இரட்டிப்பும் அப்படியே: ‘கிதெ’ வந்து, ‘கித்தெ’ அஞ்சல்தலை. இவற்றில் நேரம் செலவிடாதீர்கள்.

ஜப்பானியத்தின் ஒலியெழுத்தான ஹிரகனாவின் அடிப்படை எழுத்துகள் 46. நாளைக்கு ஐந்து என்பது சாதாரண வேகம். இந்தப் பிள்ளைகள் பத்து வரை தாங்குவார்கள். எழுத்துகளைக் கொடுக்கும்போது வரிசையைப் பற்றி ஒரு கேள்வியும் கொடுங்கள். ஜப்பானிய வரிசை இப்படிப் போகும்: அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்கோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஏறத்தாழ அப்படியே இருக்கிறது, ஏனென்றால் பௌத்தத்தோடு போன இந்திய எழுத்தொலி வரிசையைப் பின்பற்றி அமைத்தது அது. ஆனால் நமக்குப் பகரம் இருக்கும் இடத்தில் அங்கே ஹகரம் இருக்கிறது. ஏன்? உடனே சொல்லிவிடாதீர்கள். ஹகர எழுத்தின் மேல் சிறு வட்டம் போட்டால் பகரமாகும் என்பதைப் படித்த பிறகு, ஒரு வாரத்துக்குள் யாராவது ஒருவர் ‘ஒருகாலத்தில் அது பகரமாகத்தான் இருந்திருக்கும்’ என்று வந்து நிற்பார். வரலாற்று மொழியியலும் அதைத்தான் சொல்கிறது. பதினோரு வயதில் தானாகக் கண்டுபிடித்த இப்படி ஒன்று, நூறு சொல் மனப்பாடத்தைவிட அந்தப் பிள்ளையை மொழியோடு கட்டிப்போடும்.

இலக்கணம்: தமிழிலிருந்து நேராக

நான்காம் வாரத்திலிருந்து வாக்கியங்கள். உருபுகளை இப்படி அறிமுகம் செய்யுங்கள்: ‘ஒ’ என்பது ஐ, ‘நொ’ என்பது உடைய, ‘தொ’ என்பது ஓடு, ‘கர’ என்பது இலிருந்து, ‘மதெ’ என்பது வரை. எல்லாம் நம்மைப்போலவே பெயருக்குப் பின்னால் ஒட்டுபவை. ‘மொ’ என்பது உம்: ‘வதஷி மொ’ என்றால் நானும், ‘தரெ மொ இனை’ என்றால் யாரும் இல்லை. வாக்கியக் கடைசியில் வரும் ‘க’ நம் வினா ஆகாரம். அதே ‘க’ வினாச்சொல்லோடு சேர்ந்து ‘தரெ க’ என்றானால் யாரோ. ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பதில் உள்ள ‘என்று’, ‘குரு தொ இத்த’ என்பதில் ‘தொ’வாக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலம் வழியாகப் போனால் இவை ஆறு தனிப் பாடங்கள். தமிழ் வழியாக ஒரே வகுப்பு.

சுட்டை நிதானமாக நடத்துங்கள். கொரெ, சொரெ, அரெ, தொரெ. இது, உது, அது, எது. நடுவில் உள்ள உகரச் சுட்டை நம் பேச்சு கைவிட்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகிறது. ‘சொ’ என்பது கேட்பவருக்கு அருகில் உள்ளது என்று விளக்கி, இரண்டு பிள்ளைகளை முகப்பின் இரு பக்கமும் நிறுத்தி, மூன்று பொருள்களை வைத்துச் சுட்டிப் பேசவிடுங்கள்.

மிகப் பெரிய லாபம் வினையெச்சத்தில். ‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். பார் என்னும் வினைதான் அங்கும் துணைவினை. ‘தபெதெ ஷிமத்த’ சாப்பிட்டுவிட்டேன். ‘யத்தெ ஒக்கு’ செய்து வை. ‘மொத்தெ குரு’ கொண்டு வா, ‘மொத்தெ இக்கு’ கொண்டு போ. ஆங்கிலப் பாடநூல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க விளக்கம் எழுதுகின்றன. நம் பிள்ளைக்கு ஒரு வரி போதும். இங்கே வேகமாகப் போகலாம், போக வேண்டும்.

கொடுத்தல் வினைகளை மட்டும் அவசரப்படாமல் சொல்லித்தாருங்கள். பிறர் எனக்குக் கொடுத்தால் ‘குரெரு’. நான் பிறருக்குக் கொடுத்தால் ‘அகெரு’. உலகம் முழுவதும் மாணவர்கள் தடுமாறும் இடம் இது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று விதி இருக்கிறது. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். இன்றைய பேச்சில் மங்கிவிட்ட இந்த வேறுபாட்டைத் தமிழாசிரியர் முதலில் எழுப்பிவிட்டால், ‘கத்தெ குரெத்த’ என்பது ‘வாங்கித் தந்தான்’ என்றும், ‘கத்தெ அகெத்த’ என்பது ‘வாங்கிக் கொடுத்தேன்’ என்றும் பளிச்சென்று விளங்கும். எல்லை மட்டும் சற்று வேறு: தமிழில் ‘உனக்குத் தருகிறேன்’ எனலாம்; ஜப்பானியத்தில் நான் உனக்குக் கொடுப்பதற்குக் ‘குரெரு’ வராது.

இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்த பிள்ளை கட்டாயம் கேட்கும்: ‘ஜப்பானியம் தமிழிலிருந்து வந்ததா?’ சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய மொழியறிஞர் இரு மொழிக்கும் உறவு உண்டு என்று நெடுங்காலம் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலார் அதை ஏற்கவில்லை. கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூட வினை கடைசியில்தான் வருகிறது. அமைப்பு ஒத்திருப்பது வேறு, பிறப்பால் உறவாக இருப்பது வேறு. உறவை நாட்ட ஒலி மாற்றங்கள் ஒழுங்காகப் பொருந்த வேண்டும். இதைப் பெருமைப் பேச்சாக்காமல், ஆராய்ச்சிக் கேள்வியாகவே பிள்ளைகள் முன் வையுங்கள்.

தமிழ் வழி தவறும் இடங்கள்

இடத்தைக் குறிக்கும் ‘இல்’ முதல் பொறி. ‘வீட்டில் இருக்கிறேன்’ என்பதற்கு ‘நி’, ‘வீட்டில் படிக்கிறேன்’ என்பதற்கு ‘தெ’. நமக்கு இரண்டும் இல் என்பதால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ‘நி’ போடுவார்கள். இருப்பு என்றால் நி, செயல் என்றால் தெ. இருபது வாக்கியம் வாய்மொழியாகப் பழக்கினால் சரியாகும்.

இரண்டாவது, திணை. ‘இரு’ உயிருள்ளதற்கு, ‘அரு’ உயிரற்றதற்கு. நாய் தமிழில் அஃறிணை. ஜப்பானியத்தில் மனிதரோடு சேர்ந்து ‘இரு’ பெறும். மரம் உயிருள்ளதாயினும் ‘அரு’தான். தானாக இயங்குவதா என்பதே அங்கே கோடு.

மூன்றாவது, வினையில் தன்மை முன்னிலை படர்க்கை விகுதி கிடையாது. போகிறேன், போகிறாய், போகிறார்கள் எல்லாம் ‘இக்கிமஸ்’. நாம் எழுவாயை விட்டுவிடுவது விகுதி காட்டிக்கொடுக்கும் என்பதால். அவர்கள் விடுவது சூழல் காட்டிக்கொடுக்கும் என்பதால். ஆகவே யார், யாரை என்று ஊகிக்கும் பயிற்சியைச் சிறு உரையாடல்கள் வழியே தனியாகக் கொடுக்க வேண்டும்.

‘பிடிக்கும்’, ‘புரியும்’ போன்றவற்றில் மட்டும் ஆங்கிலவழிப் பிள்ளைகள்தாம் தவறுகிறார்கள். ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்னும் தமிழ் அமைப்பில் மாம்பழத்துக்கு ஐ இல்லை. ஜப்பானியத்திலும் ‘ஒ’ வராது, சேர்க்கைத் தாளில் எழுவாய்க்குப் பின் வந்த ‘க’தான் வரும். ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளை ‘ஒ’ போடும். ‘முதலில் தமிழில் சொல்லிப் பார்’ என்று சொன்னால் அந்த நிமிடமே திருத்திக்கொள்ளும்.

உறவுச் சொற்கள் நம் வீடுகளில் தனிச் சுவையோடு போகும். அனி, அனெ, ஒதோதொ, இமோதொ: அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. இந்த நான்கும் அப்படியே பொருந்தும். ஆனால் பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் பேச்சில் ‘ஒஜி’தான். எழுத்தில் மட்டும் பெற்றோருக்கு மூத்தவர், இளையவர் என்று கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்து, வேறுபடும். தாய்வழி தந்தைவழி வேறுபாடு அதிலும் இல்லை. தன் குடும்ப மரத்தை வரைந்து, அப்பச்சி, ஆத்தா, ஐயா, ஆயா என்று வீட்டில் அழைப்பதையும், அதற்கு நேர் ஜப்பானியச் சொல்லையும், சொல் கிடைக்காத இடங்களையும் குறிக்கச் சொல்லுங்கள். தன் தாயைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது ‘ஹஹ’, பிறர் தாயைச் சொல்லும்போது ‘ஒகாசன்’ என்னும் மரபை இந்தப் படத்தை வைத்தே விளக்கிவிடலாம்.

தெரிந்ததைத் திரும்ப நடத்தாதீர்கள்

மீத்திறன் வகுப்பைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான்: முடித்தவனுக்கு அதே மாதிரியில் இன்னும் இருபது கணக்கு. விரைவில் முடித்ததற்குத் தண்டனையாக அதைப் பிள்ளை எடுத்துக்கொள்ளும், அடுத்த முறை மெதுவாக முடிக்கக் கற்றுக்கொள்ளும். ரென்சுல்லியும் சாலி ரீஸும் வகுத்த பாடச் சுருக்க முறை இங்கே பயன்படும். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் 15 கேள்வி கொண்ட முன்தேர்வு வையுங்கள். 12 அல்லது அதற்கு மேல் எடுத்தவர் அந்தப் பாடத்துக்கு வர வேண்டாம்; தவறிய மூன்றை மட்டும் பத்து நிமிடத்தில் தனியே சொல்லிக்கொடுத்து, மிச்ச நேரத்தை வேறு தன்மையுள்ள வேலைக்கு விடுங்கள்.

என்ன வேலை? மூன்று எடுத்துக்காட்டுகள்.

எண்ணுச் சொற்கள். நீளமான பொருள்களை எண்ணும் வரிசையைக் கொடுங்கள்: இப்பொன், நிஹொன், சன்பொன், யொன்ஹொன், கொஹொன், ரொப்பொன். ஹகரம் எப்போது இரட்டிக்கும் பகரமாகிறது, எப்போது ‘அம்பு’வில் வரும் மென்மையான பகரமாகிறது, எது விதிக்கு அடங்கவில்லை என்று கண்டுபிடித்து, நன்னூல் நடையில் ஒரு புணர்ச்சி விதி எழுத வேண்டும். ஏழு, எட்டு, பத்துக்கு என்ன வரும் என்று ஊகித்த பின்பே அகராதியைத் திறக்கலாம்.

பெரிய எண்கள். ஜப்பானியர் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து ‘மன்’ என்கிறார்கள். லட்சம் என்பது பத்து மன். கோடி என்பது ஆயிரம் மன். பத்துக் கோடி ஆனால் ‘ஒகு’ என்னும் புது அலகு. லட்சக் கணக்கில் வரும் பத்துத் தொகைகளைத் தாளில் எழுதாமல் வாயால் மாற்றிச் சொல்ல வேண்டும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு இது விளையாட்டு.

மூன்றாவது, பூ ஓடு. செட்டிநாட்டு வளவுகள் பலவற்றில் ஜப்பானிலிருந்து இறக்குமதியான பூ ஓடுகள் சுவரில் பதிந்திருக்கின்றன. வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு ஓர் ஓட்டைப் படம் எடுத்து வந்து, நிறம், வடிவம், இடம் மூன்றையும் சேர்த்து எட்டு வாக்கியத்தில் ஜப்பானியத்தில் விவரிக்க வேண்டும். மேலே, கீழே, வலம், இடம், நடுவில், சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் தேவைப்படும். மற்றொரு பிள்ளை படத்தைப் பார்க்காமல், விவரிப்பைக் கேட்டு மட்டும் அந்த ஓட்டை வரைய வேண்டும். வரைந்தது மாறிவந்தால் வாக்கியத்தில் எங்கே குறை என்று இருவரும் சேர்ந்து தேடுவார்கள். ஓட்டுக்கு ஆத்தங்குடி ஓட்டையும் எடுத்துக்கொள்ளலாம், இரண்டையும் ஒப்பிட்டால் இன்னும் நன்று.

இத்தகைய புதிர்களில் ருசி கண்ட பிள்ளைக்கு மொழியியல் ஒலிம்பியாட் பற்றிச் சொல்லுங்கள். மாஸ்கோவில் 1965-இல் தொடங்கிய மரபு அது. பன்னாட்டுப் போட்டி 2003 முதல் நடக்கிறது. இந்தியாவில் பாணினி மொழியியல் ஒலிம்பியாட் வழியாக அணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அறிமுகம் இல்லாத மொழியின் தரவைப் பிரித்துப் பார்க்கும் திறனே அங்கே வேண்டும், நாம் சேர்க்கைத் தாளில் சோதித்ததும் அதையே.

கான்ஜி

இரண்டாம் மாதத்துக்கு முன் தொடங்க வேண்டாம். ஜப்பானில் பொதுப் பயன்பாட்டுக்கு வகுத்த கான்ஜி 2136. அதில் 1026-ஐத் தொடக்கப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். நம் முதல் ஆண்டு இலக்கு நூறு. சதுரக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும், ஓர் எழுத்துக்கு நான்கு கட்டம்.

பட்டியலாகக் கொடுக்காதீர்கள், உறுப்புகளாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு மரம் ‘கி’. இரண்டு மரம் தோப்பு. மூன்று மரம் காடு. மனிதன் பக்கத்தில் மரம் வந்தால் ஓய்வு. சூரியனும் சந்திரனும் சேர்ந்தால் வெளிச்சம். முப்பது எழுத்து ஆனதும் ஒலியுறுப்பைக் காட்டுங்கள்: ‘ஸெய்’ என்னும் ஒலி உடைய நீல எழுத்து உள்ளே இருந்தால், தெளிவு, தெளிந்த வானம் என்று பொருள் மாறினாலும் ஸெய் என்னும் ஒலி தொடரும்.

கிழமைகளை ஒரு வகுப்பு முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கிழமைகளின் முதல் எழுத்துகள்: சூரியன், சந்திரன், நெருப்பு, நீர், மரம், பொன், மண். முதல் இரண்டும் ஞாயிறு, திங்கள் என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். செவ்வாய்க்கு ஏன் நெருப்பு? கோள்களின் ஜப்பானியப் பெயரைத் தேடவிடுங்கள். செவ்வாய்க் கோள் அங்கே நெருப்பு விண்மீன், புதன் நீர் விண்மீன், வியாழன் மர விண்மீன், வெள்ளி பொன் விண்மீன், சனி மண் விண்மீன். நம் கிழமை வரிசையும் அவர்கள் வரிசையும் ஒன்றே. ஏழு எழுத்தையும் அந்தப் பிள்ளைகள் பிறகு மறக்கவே மாட்டார்கள்.

சொல் அட்டை

தபால் அட்டையில் பாதி அளவுக்கு வெட்டிய அட்டை, ஐந்து பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை. முதல் பெட்டியை 1 நாள் கழித்துப் பார்ப்பது, இரண்டாவதை 2 நாள், பிறகு 4, 8, 16. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்கு, தவறினால் முதல் பெட்டிக்கு. கைப்பேசி இருந்தால் ஆங்கி செயலி இதே வேலையைச் செய்யும்; சிறு பிள்ளைகளுக்கு அட்டையே நல்லது.

புதுச் சொல் நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றாலும் இருபது வாரத்தில் 800 சொல் ஆகிவிடும்; தொடக்க நிலைத் தேர்வுக்கு அது ஏறத்தாழப் போதும். இந்தப் பிள்ளைகள் முதல் வாரத்தில் ‘நாற்பது போடுகிறேன்’ என்பார்கள், போட்டும் காட்டுவார்கள். விடாதீர்கள். ஒவ்வொரு சொல்லும் குறைந்தது ஐந்து முறை திரும்பி வரும். தினம் எட்டு என்றால் ஒரு மாதத்தில் நாள்தோறும் 40 அட்டை, பத்து நிமிடத்துக்குள் முடியும். தினம் நாற்பது என்றால் 200 அட்டை. மூன்றாம் வாரத்தில் பெட்டி நிரம்பி வழியும், பிள்ளை மொத்தமாகக் கைவிட்டுவிடும். திறமைக் குறைவால் அல்ல, கூட்டல் கணக்கைப் பாராததால்.

வாய் திறக்காத பிள்ளை

எழுத்தில் முதலாவதாக வரும் பிள்ளை பேச்சில் ஊமையாக இருப்பதைப் பார்ப்பீர்கள். பிழை செய்து பழக்கமில்லாதவர்கள் இவர்கள். தப்பாகப் பேசுவதைவிடப் பேசாமலே இருப்பார்கள். மேடையேற்றாதீர்கள். இருவர் இருவராக, ஆசிரியர் கேட்காத தொலைவில் உட்காரவைத்து, மூன்று நிமிடம் பேசவிடுங்கள். அதையே இணை மாற்றி இரண்டு நிமிடத்தில், மறுபடி மாற்றி ஒன்றரை நிமிடத்தில். மூன்றாம் முறை சொல் சரளமாக வரும். நடுவில் யாரும் திருத்தக் கூடாது. முடிந்த பின் பொதுவாக இரண்டே பிழையைப் பலகையில் எழுதலாம்.

இணையத்தில் வாரத்துக்கு ஒரு முறை, 25 நிமிடம், ஜப்பானியர் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்தால் மிக நல்லது. பெரியவர் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும்.

அனிமே பார்த்துக் கற்ற பிள்ளைகள் ‘ஒரெ’, ‘ஒமயெ’ என்று பேசத் தொடங்குவார்கள். அது முரட்டுத்தனமான நான், நீ. தடுக்க வேண்டாம், ‘இதை உன் தலைமையாசிரியரிடம் தமிழில் எப்படிச் சொல்வாய்?’ என்று கேளுங்கள். நீ, நீங்கள் வேறுபாடு உதிரத்தில் ஊறிய பிள்ளைக்கு அது போதும். பேச்சு ‘தெஸ்’, ‘மஸ்’ என்னும் மரியாதை வடிவில் முதல் ஆண்டு முழுக்க நிற்கட்டும்.

தேர்வு

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு என்5-இல் தொடங்கி என்1 வரை ஐந்து நிலை. ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு. சென்னையில் மையம் உண்டு. என்5-க்கு மொத்தம் 180 மதிப்பெண், தேர்ச்சிக்கு 80. அதோடு மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120-க்கு 38-உம், கேட்டலில் 60-க்கு 19-உம் தனித்தனியே எடுத்தாக வேண்டும். வாசிப்பில் நூறு எடுத்து, கேட்டலில் 18-இல் நின்றால் தோல்விதான். வாசித்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதால், கடைசி எட்டு வாரம் நாள்தோறும் பத்து நிமிடம் கேட்டல் மட்டும் செய்யுங்கள். ஒலிப்பதிவு ஒரு முறைதான் ஓடும். வீட்டிலும் ஒரு முறைக்கு மேல் ஓட்டாமல் பழக்குங்கள்.

இந்தத் தேர்வில் பேசுவதும் எழுதுவதும் கிடையாது, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பதே. ஆகவே பேச்சையும் எழுத்தையும் பூ ஓட்டு விவரிப்பு, குடும்ப மரம் போன்ற வேலைகளை வைத்து ஆசிரியரே தனியாக மதிப்பிட வேண்டும். ஒரு நிலையைத் தாண்டிப் போக முடிகிற பிள்ளையை ஒவ்வொரு நிலைக்கும் எழுதவைப்பது பணவிரயம். என்5 முன்மாதிரித் தாளில் 140-க்கு மேல் எடுத்தால் நேரே என்4-க்கு விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பம் தேர்வுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே திறந்து விரைவில் மூடும். காரைக்குடியிலிருந்து தேர்வன்று காலை கிளம்பினால் நேரத்துக்குச் சென்னை போய்ச் சேர்வது கடினம். சனிக்கிழமை பல்லவன் ரயிலில் போய் இரவு தங்கி, மறுநாள் அடையாளச் சான்று, நுழைவுச்சீட்டு, எச்பி பென்சில் இரண்டு, அழிப்பான் ஆகியவற்றோடு மையத்துக்கு அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். முந்தின இரவு புதுப் பாடம் எதுவும் வேண்டாம், ஐந்தாம் பெட்டியை மட்டும் ஒரு முறை புரட்டினால் போதும்.